சர்க்கரையை மாற்றுங்கள், பாலை நிறுத்தாதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

பத்து நாள் ஜெர்சிக் கன்றுக்குக் கழிச்சல் கண்டதும் பாலை நிறுத்திவிட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்து ஊற்றியதாகவும், மறுநாளே கழிச்சல் கூடிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மாடு வளர்க்கும் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

குழந்தையின் பேதிக்குக் கைகொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கன்றுக்கு ஆகாது. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி அதன் சிறுகுடலில் உண்டு. கடைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி கிடையாது. வெல்லம் போட்டாலும் இதே கதைதான். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளால் புளிக்கிறது. அமிலம் சேர்கிறது, குடலுக்குள் நீர் இழுபடுகிறது, சாணம் தண்ணீராய்ப் பீய்ச்சுகிறது.

இந்த வயதில் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ரோட்டா வைரஸ் அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கும். இவை குடலின் உட்பரப்பை அரிப்பதால் பாலின் சர்க்கரையும் ஓரளவு செரிக்காமல் புளிக்கும். அப்போது உருவாகும் டி-லாக்டிக் அமிலத்தைக் கன்றின் உடலால் சீக்கிரம் கழிக்க முடியாது. கண் குழி விழாமலேயே சில கன்றுகள் போதை ஏறியதுபோல் தள்ளாடுவது அதனால்தான். ரோட்டா வைரஸுக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் ஆன்டிபயாடிக் ஊசி வேலை செய்யாது.

அதற்காகப் பாலை நிறுத்தினால் கன்று பட்டினியில் தளரும். அதன் உடலில் சேமித்த கொழுப்பு மிகக் குறைவு. 30 கிலோ கன்றுக்கு நாளுக்கு 3 லிட்டர் பாலை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இடைவேளைகளில் ஓஆர்எஸ் கரைசல் 2 முதல் 3 லிட்டர் வரை கொடுக்கலாம். பாலோடு கலக்க வேண்டாம். மருந்துக் கடைப் பொட்டலத்தில் குளுக்கோஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 1 லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அதைக் கன்றின் குடல் அப்படியே உறிஞ்சும். கூடவே உப்பும் நீரும் உள்ளே போகும்.

சுத்தமான விரலைக் கன்றின் வாயில் வைத்துப் பாருங்கள். சப்பினால் வாய்வழி கொடுக்கலாம். சப்பவில்லை என்றாலோ, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டதும் மடிப்பு உடனே விழவில்லை என்றாலோ, வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்கு அழைத்து மருத்துவரை வரச் சொல்லுங்கள். நரம்பு வழியாக நீரும், அமிலத்தை முறிக்கும் மருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி இப்படி ஆகாமலிருக்க, அடுத்த கன்று பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையப் போகட்டும். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்காது.

அன்புடன்,
உங்கள் கால்நடைப் பகுதி எழுத்தாளர்