முன்றிலும் புல்வெளியும்

மாணவர்களே! வீட்டின் முன்னுள்ள இடத்தை 'முன்றில்' என்பது இலக்கிய வழக்கு. 'வாசல்' என்பது பேச்சு வழக்கு. தமிழகச் சிற்றூர்களில் வாசல் என்பது சாணநீர் தெளித்துக் கோலமிடும் மண்தரை. அமெரிக்க நாட்டின் புறநகர்களிலோ முன்றில் என்றவுடன் பசும்புல் விரிந்த தரையே நினைவுக்கு வரும். அப்புல்வெளி எவ்வாறு தோன்றியது, அதனைப் பேணுவோர் யாவர், அது கேட்கும் விலை யாது என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

புல்வெளி வந்த வழி

இங்கிலாந்தில் செல்வர்களின் மாளிகைகளுக்கு முன்னே பரந்த புல்வெளிகள் இருந்தன. ஆடுகள் மேய்ந்தும், ஆட்கள் நீண்ட அரிவாளால் அரிந்தும் அவை சீராக வைக்கப்பட்டன. பயிரிடாமல் நிலத்தைப் புல்லுக்கென விட்டு வைப்பதும், அதனை அரிய ஆள் அமர்த்துவதும் செல்வர்க்கே இயன்றன. ஆகவே, புல்வெளி செல்வத்தின் அடையாளமாயிற்று.

1830ஆம் ஆண்டில் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். நெசவாலையில் கம்பளித் துணியின் மேலெழும் இழைகளைச் சீராக நறுக்கும் பொறியே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. துணிக்குப் பயன்பட்டது புல்லுக்கும் பயன்பட்டது. நாளடைவில் எளிய வீட்டினரும் புல்வெளி வைத்துக்கொள்ள அவ்வியந்திரம் வழிவகுத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், வீடு திரும்பிய போர்வீரர்களுக்குக் குடியிருப்புகள் தேவைப்பட்டன. 1947இல் நியூயார்க் நகருக்கு அருகே லெவிட்டவுன் என்னும் புறநகர் உருவாகத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் அங்கே 17,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு புல்வெளி உண்டு. புல்லை வாரந்தோறும் வெட்டவேண்டும் என்பது அங்குக் குடியிருப்போர்க்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று.

பேணும் கைகள்

புல்வெளியைப் பேணுதல் இன்று அமெரிக்காவில் ஒரு பெருந்தொழில். வீட்டுக்காரர் பலர் அதனைத் தொழில்முறைத் தோட்டப் பணியாளரிடம் ஒப்படைக்கின்றனர். தேர்ந்த பணியாளர் சில நெறிகளைக் கடைப்பிடிப்பர். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டமாட்டார். மிகக் குட்டையாக வெட்டினால் வேர் மேலோட்டமாகி, புல் வெயிலில் வாடும். வெட்டிய துணுக்குகளைத் தரையிலேயே விடுவர்; அவை மக்கி உரமாகும். இறுகிய மண்ணில் சிறு துளைகள் இட்டு வேருக்குக் காற்றும் நீரும் செல்ல வழி செய்வர். நீரை விடியற்காலையில் பாய்ச்சுவர். நண்பகலில் பாய்ச்சினால் ஒரு பகுதி ஆவியாகி வீணாகும்.

இப்பணியாளருள் பலர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். சிலர் பருவகால வேலைக்கான அனுமதி பெற்று வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவர். பிழைப்புக்காக ஊர் விட்டு வருதல் எத்தகையது என்பதை உங்கள் வீட்டுப் பெரியோரும் அறிவர்.

பாலையில் ஒரு கணக்கு

நெவாடா மாநிலத்திலுள்ள லாஸ் வேகாஸ் ஒரு பாலைநில நகரம். ஆண்டு மழையளவு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மட்டுமே. அந்நகர் பெரும்பாலும் கொலராடோ ஆற்று நீரையே நம்பியுள்ளது. வீட்டினுள் பயன்படுத்திய நீர் தூய்மை செய்யப்பட்டு மீண்டும் மீட் ஏரிக்கே அனுப்பப்படுகிறது. புல்லுக்குப் பாய்ச்சிய நீரோ ஆவியாகி மறைகிறது. அது திரும்பி வருவதில்லை.

அங்கே ஒரு சதுர அடிப் புல்லுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 275 லிட்டர் நீர் வேண்டும். பாலைக்குரிய செடிகளை நட்டுச் சொட்டுநீர் பாய்ச்சினால் 70 லிட்டரே போதும். ஆகவே, புல்லை அகற்றும் வீட்டுக்காரர்க்கு, அகற்றும் பரப்புக்கேற்ப நீர் வாரியம் பணம் வழங்குகிறது.

2021இல் அம்மாநிலம் ஒரு சட்டமும் இயற்றியது. அலுவலகங்கள், கடைகள், சாலையோரங்கள் போன்ற இடங்களில் அழகுக்காக மட்டும் உள்ள புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சலாகாது. பூங்காக்களுக்கும் பள்ளி விளையாட்டுத் திடல்களுக்கும் இத்தடை இல்லை. குழந்தைகள் ஓடி விளையாடும் புல் வேறு. வெட்டுபவரைத் தவிர வேறெவர் காலும் படாத புல் வேறு. இவ்வேறுபாடே சட்டத்தின் உயிர்.

நாம் அறிந்த புல்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் புல்வெளிகளில் மிகுதியாக வளர்வது பெர்முடா புல். இதனைத் தில்லியில் 'தூப்' என்பர். நாம் அருகம்புல் என்கிறோம். பிள்ளையாருக்குச் சாத்தும் புல்லும் இதுவே! தரையில் படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு, வறட்சியில் காய்ந்தாலும் மழை கண்டதும் தளிர்க்கும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' வாழ்க என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. எந்த மண்ணில் விழுந்தாலும் வேர்கொள்ளும் அருகு, அந்த மண்ணின் நீரையும் கருதியே வளர்க்கப்பட வேண்டும். வாழும் ஊரின் இயல்பறிந்து முன்றிலை அமைப்பதே அறிவுடைமை.

சொற்பொருள்

பேணுதல் – பாதுகாத்து வளர்த்தல்
இயன்றன – முடிந்தன
கணு – தண்டில் இலையும் வேரும் தோன்றும் இடம்
பாலை – நீரற்ற வறண்ட நிலம்

மொழித்திறன்

'இல்முன்' என்பதே 'முன்றில்' என முன்பின்னாக மாறி வழங்குகிறது. இவ்வாறு மாறினும் இலக்கணமுடையதாக ஏற்கப்படும் சொல்லை இலக்கணப்போலி என்பர்.

சேர்த்து எழுதுக:
1. புல் + தரை = புற்றரை
2. புல் + கட்டு = ______
3. பசுமை + புல் = ______

வினாக்கள்

1. புல்வெட்டும் இயந்திரத்திற்கான எண்ணம் எதிலிருந்து பிறந்தது?
2. வீட்டினுள் பயன்படும் நீருக்கும் புல்லுக்குப் பாயும் நீருக்கும் லாஸ் வேகாஸில் உள்ள வேறுபாடு யாது?
3. 500 சதுர அடிப் புல்வெளியை அகற்றிப் பாலைச் செடிகளை நட்டால் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் நீர் மிஞ்சும்?
4. நெவாடாவின் சட்டம் பள்ளித் திடலை விலக்கியது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

செயல்பாடு

உம் குடியிருப்பிலோ பள்ளியிலோ உள்ள தோட்டக்காரரிடம் உரையாடுக. அவர் ஊர், அவர் புல்லுக்கு நீர் பாய்ச்சும் நேரம், அந்நீர் வரும் இடம் ஆகியவற்றைக் கேட்டுத் தமிழில் ஒரு பத்தி எழுதுக.