கரண்ட் பில்லைக் கூட்டுவது ஆளா, வீடா?



கோடை வந்தால் நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் மின்கட்டணப் பாக்கியும் சேர்ந்துகொள்கிறது. பல வீடுகளில் இதற்கு மருமகள்மீதோ பிள்ளைகள்மீதோதான் பழி விழுகிறது. 'ஃபேனை அணைப்பதே இல்லை' என்பார்கள். நாம் சொல்வது, முதலில் கூரையையும் மீட்டரையும் பாருங்கள் என்பதே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எழுந்த லைன் வீடுகளில் ஷீட் கூரை போட்டவை பல. ஷீட் வெயில் ஏறியதும் கொதிக்கும், பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் தளம் அப்படியல்ல. பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்து, இரவிலும் அறைக்குள் இறக்கும். ஆக, நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவருக்கு ஷீட் வீடு தண்டனை. இரவில் தூங்கும் குடும்பத்துக்கு மேல்மாடிக் கான்கிரீட் அறை தண்டனை. இருவருமே ஃபேனை அணைக்க முடியாது. 75 வாட் ஃபேன் ஒன்று தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் ஏறக்குறைய 29 யூனிட்தான்.

முன்பெல்லாம் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். செலவு என்று இப்போது பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தச் செலவைப் பிறகு குடியிருப்பவர் பில்லில் கட்டுகிறார். இனி அதைப் போட வசதியில்லாதவர்கள் பங்குனியிலேயே மொட்டை மாடிக்கு இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம். அகமதாபாத் மாநகராட்சி 2017இல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு இப்படி வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது.

அடுத்தது மீட்டர். கீழே அண்ணன், மேலே தம்பி, இரண்டு அடுப்பு, ஒரே மீட்டர் என்று எத்தனை வீடுகள்! 2022 செப்டம்பர் 10இல் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். (பிறகு விகிதம் கூடியிருக்கிறது, கணக்கின் போக்குதான் முக்கியம்.) இரு குடும்பமும் ஆளுக்கு 260 யூனிட் செலவழித்து, மீட்டரும் தனித்தனியாக இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம் போக ஆளுக்கு 495 ரூபாய், மொத்தம் 990. அதே 520 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 2,110 ரூபாய். ஒரு யூனிட்கூடக் கூடவில்லை, 1,120 ரூபாய் கூடுகிறது! இலவச 100 யூனிட் ஒரு முறைதான் கிடைப்பதும், யூனிட்கள் மேல்படிகளுக்கு ஏறுவதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை குறைந்துவிடுவதும்தான் காரணம். தனி வாசல், தனிச் சமையல் உள்ள பகுதிக்குத் தனி இணைப்பு கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஒரே குடும்பம் இலவசத்துக்காக இரண்டு மீட்டர் வைப்பது வேறு விஷயம், அது கூடாது.

ஃப்ரிட்ஜ் மூவருக்கும் ஒன்றுதான், எட்டுப் பேருக்கும் ஒன்றுதான். அதனால் கூட்டுக்குடும்பத்தில் தலைக்கு ஆகும் மின்சாரம் குறைவு. அந்த லாபத்தை ஒற்றை மீட்டர் தின்றுவிடுகிறது.

வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வார்த்தை. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கும்போது, அரசு தரும் இலவச 100 யூனிட் வாடகைக்காரருக்குப் போய்ச் சேருவதில்லை. அதிக வெப்பமுள்ள கூரையின்கீழ் இருப்பவரே அதிக விலையும் கொடுக்கிறார். அளவையில் குறைப்போரைக் குறித்து சூரா முதஃப்பிஃபீன் எச்சரிப்பதை நாம் அறிவோம். பில்லை வாடகைக்காரரிடம் காட்டி, வந்த தொகையை யூனிட்படி பிரித்து வாங்குவதே நேர்மை.

பாக்கிக்கு உதவி கேட்பவர்கள் ஜும்ஆவுக்குப் பின் மின் அட்டையோடு அலுவலகம் வாருங்கள். கூரை என்ன வகை, அந்த மீட்டரில் எத்தனை அடுப்பு என்பதையும் மனுவில் எழுதுங்கள். சிலருக்குப் பணத்தைவிட இரண்டு மூட்டை சுண்ணாம்போ, தனி இணைப்புக்கான விண்ணப்பமோதான் தேவைப்படும்.