டேஷ்கேம் வாங்கணுமா? முதல்ல டிராயர்ல கிடக்கிற பழைய போனைப் பாருங்க



போன மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம், ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னலில் என் கார் நின்றுகொண்டிருந்தது. நல்லா கவனிச்சுக்கோங்க, நின்றுகொண்டுதான் இருந்தது. இடது பக்கம் சந்தில் நுழைந்த ஒரு பைக் என் கதவை உரசிவிட்டு விழுந்தது. அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நிமிஷம் கூட்டம் கூடிவிட்டது. "கார்க்காரர் மேலதான் தப்பு" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. 6,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்த கோபத்தில் முன்னும் பின்னும் கேமரா உள்ள 9,000 ரூபாய் டேஷ்கேம் ஒன்றை கார்ட்டில் போட்டுவிட்டேன். ஆனால், கோபத்தில் எதையும் வாங்காதீங்க, ஒரு ராத்திரி பொறுங்க என்று உங்களுக்குச் சொல்கிறவனே நான்தானே! பொறுத்தேன். அந்த ராத்திரி போட்ட கணக்குதான் இது.

வீடியோ இருந்தால் எந்தப் பணம் மிச்சமாகும்?

முதலில் இதைப் புரிஞ்சுக்கணும். டேஷ்கேம் வைத்தால் பிரீமியம் குறையும் என்று கணக்குப் போடாதீங்க. உங்கள் கார் சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்' கிளெய்ம் போட வீடியோ கட்டாயமும் இல்லை.

ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருஷம் கிளெய்ம் இல்லையென்றால் 20%, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50% வரை ஏறும் தள்ளுபடி இது. உதாரணமாக ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், போனஸ் 50% என்றால் வருஷத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினீவலில் அது பூஜ்யம். மறுபடி 50% தொட ஐந்து வருஷம் ஆகும். தப்பு எதிராளியுடையதாக இருந்தாலும் இதுதான் நிலைமை. அதனால்தான் சின்னக் கீறலுக்கு நாம் கிளெய்ம் போடாமல் கைக்காசைப் போடுகிறோம்.

வீடியோ உதவுவது இந்த இடத்தில்தான். ரோட்டிலேயே "வாங்க சார், பார்க்கலாம்" என்று காட்ட முடிந்தால் பேச்சின் தொனி மாறும். பெரிய விபத்தாகி வழக்கு என்று போனாலும், யார் மேல் தப்பு என்பதற்கு அது ஒரு சாட்சி.

மாற்று 1: பழைய போன்

"பழைய போன்தானே, ஃப்ரீ" என்று நினைக்காதீங்க. எக்ஸ்சேஞ்சில் 3,500 ரூபாய் கிடைக்கும் போனை காரில் மாட்டினால், அந்த 3,500-ம் செலவுதான். என் பழைய போன் ஸ்க்ரீன் விரிசல் விட்டது, கடையில் 800 ரூபாய்தான் கேட்டார்கள். என் கணக்கு:

- போனின் எக்ஸ்சேஞ்ச் மதிப்பு: 800
- கண்ணாடியில் ஒட்டும் மவுண்ட்: 450
- கார் சார்ஜர், நீளமான கேபிள்: 650
- மெமரி கார்டு: 600
- மொத்தம்: 2,500 ரூபாய்

ஃபுல் எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 6 முதல் 8 ஜிபி பிடிக்கும். அதனால் சாதாரண கேமரா ஆப் போதாது. இடம் நிறைந்தால் பழையதை அழித்து மேலே எழுதும் 'லூப் ரெக்கார்டிங்' வசதியுள்ள டேஷ்கேம் ஆப் வேணும். சிம்மைக் கழற்றிடுங்க, மேப் ஓடும் உங்கள் மெயின் போனை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. கால் வந்தால் ரெக்கார்டிங் நிற்கலாம். ரோட்டில் உங்கள் பார்வையை மறைக்காத மாதிரி கண்ணாடிக்குப் பின்னால் மாட்டுங்க.

இதில் பெரிய எதிரி வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். நம்ம ஊர் மே மாதத்தில் பார்க்கிங்கில் நிற்கும் கார் அதைவிடப் பல மடங்கு கொடுமை. இறங்கும்போது போனைக் கையோடு எடுத்துக்கிட்டே போங்க. பேட்டரி உப்பின போனை மாட்டவே மாட்டாதீங்க.

மாற்று 2: ஆக்‌ஷன் கேமரா

ட்ரிப்புக்காக வாங்கிய கோப்ரோ மாதிரி ஒன்று ஏற்கனவே இருந்தால், ஊருக்குப் போகும் நீண்ட பயணத்துக்குப் பயன்படுத்தலாம். லூப் வசதியும் உண்டு. ஆனால் தினமும் ஆபீஸுக்கு இது சரிவராது. ஒவ்வொரு முறையும் நாமே ஆன் பண்ணணும், மறப்போம். டேஷ்கேமுக்காகவே புதுசா இதை வாங்குவது வீண்.

மாற்று 3: டேஷ்கேமோடு வரும் வேரியண்ட்

ஹூண்டாய் எக்ஸ்டர் மாதிரி சில கார்களில் மேல் வேரியண்ட்டில் கம்பெனியே டேஷ்கேம் தருகிறது. மற்ற வசதிகளும் வேணும் என்றால் சரி. டேஷ்கேமுக்காக மட்டும் 60,000 ரூபாய் அதிகம் கொடுத்து, அதையும் 9% வட்டியில் 5 வருஷ லோனில் சேர்த்தால்? மாதம் சுமார் 1,245 ரூபாய், மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 74,700. வேண்டவே வேண்டாம்.

ஒரு மாசம் ஓட்டிப் பார்த்தேன்

ஏப்ரல் முழுக்கப் பழைய போனை மாட்டினேன். மத்தியான வெயிலில் இரண்டு முறை சூடாகி ரெக்கார்டிங் நின்றது. ராத்திரியில் நம்பர் பிளேட் சரியாகத் தெரியவில்லை. பகலில் தெளிவு போதுமானதாக இருந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோக்களை ஓட்டிப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கம் திரும்பியிருக்கிறேன். ஒரு இடத்தில் பைக்காரர் ஒருவர் சட்டென்று பிரேக் அடித்துத் தப்பித்தார். காரில் இருந்தபோது எனக்கு அது தெரியவே இல்லை. அன்று அவர் விழுந்திருந்தால், கூட்டம் சொன்னது சரியாக இருந்திருக்கும். கேமரா நம்ம பக்கம் பேசும் வக்கீல் இல்லை, நடந்ததைச் சொல்லும் சாட்சி. அந்த ஒரு பாடத்துக்கே 2,500 ரூபாய் தகும்.

அப்போ எது வாங்கலாம்?

- வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஓட்டுவீங்க, நிழலில் பார்க்கிங், பழைய போனுக்கு மதிப்பும் இல்லை: போனே போதும்.
- தினமும் ஓட்டுவீங்க, வெயிலில் நிற்கும்: தனி டேஷ்கேம்தான் சரி. பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பாருங்க, சூட்டைத் தாங்கும். வயரை வெட்டி இணைக்காமல் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுங்க, வாரண்டி பிரச்சினை வராது.
- எதுவானாலும், விபத்து நடந்தால் ஒரிஜினல் ஃபைலைப் பத்திரமாக வையுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63-ன்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழும் தேவை. அதற்கு ஒரிஜினல் கையில் இருப்பதுதான் நல்லது.

நான் என்ன பண்ணேன்? மே மாதம் முன்பக்கம் மட்டும் எடுக்கும் 4,200 ரூபாய் டேஷ்கேம் வாங்கினேன். மவுண்ட், போன் செலவு 2,500-ஐச் சேர்த்தாலும் மொத்தம் 6,700. அன்று கோபத்தில் வாங்கியிருந்தால் 9,000. அதைவிட, எனக்கு என்ன தேவை என்று தெரிந்து வாங்கினேன்.

இண்டிகேட்டரும் இப்போ ஒழுங்கா போடுறேன். அதுக்குச் செலவே இல்லை!