அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காதாம்!

கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன், இங்கிலாந்தின் எசெக்ஸில் இருக்கும் பொறியியலாளர். கொரோனா முடக்கத்தில் நான்கு இருக்கை ‘ஸ்லிங்’ விமானமொன்றைத் தானே பூட்டி, 2022இல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்தார். அந்தப் பயணத்தின் வீடியோ கல்முனைக்கும் வந்தது. வந்ததிலிருந்து என் கராஜுக்கு வரும் இளசுகள் எல்லாம் விமான நிபுணர்கள்தான். “காக்கா, அலுமினியத்துக்குத்தான் கறள் பிடிக்காதே, பிறகு விமானத்தின் உள்ளுக்கு ஏன் பெயின்ட்? பாரம்தானே கூடும்?” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தம்பி, கடற்கரைப் பள்ளிப் பக்கம் ஏதாவதொரு வீட்டு அலுமினிய ஜன்னலில் இரும்பு ஸ்க்ரூ ஏறிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கோதுமை மாப் போல வெள்ளையாக உதிரும். அதுதான் அலுமினியத்தின் கறள். வெறும் காற்றில் அது தன் மேலே ஒரு தோலைக் கட்டிக்கொண்டு தப்பிவிடும். உப்பு ஈரமும் வேறொரு உலோகமும் சேர்ந்தால் அங்கே ஒரு பற்றரியே உருவாகிவிடும், தோலாவது, மண்ணாவது!

விமானம் என்பது தகட்டின்மேல் தகடு வைத்து ரிவெட் அடித்த உடம்பு. அந்த இடுக்கில் புகுந்த ஈரம் வெளியேறாது. அங்கே ஊறும் வெள்ளைத் தூள் உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் தகட்டையே நெம்பும். 1988 ஏப்ரல் 28இல் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, நடுவானில் கூரையின் முன்பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுபட்டு மாண்டார். தகட்டு மூட்டில் அரிப்பு, ஒட்டு விட்டுப்போனது, ரிவெட் துளைகளில் வெடிப்பு. அதுவும் நம்மூரைப் போல உப்புக் காற்று வீசும் இடம்தான்.

“சரி, எல்லாம் பூட்டி முடித்தபிறகு உள்ளுக்கு ஸ்ப்ரே அடிக்கலாமே?” இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். என்னிடம் வரும் வேன் கதவுகளின் கீழ்விளிம்பில் சின்னக் கொப்புளம் இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கறளோ உள்மடிப்பில் தொடங்கியிருக்கும், எந்தப் பிரஷும் எட்டாத இடத்தில். போதாக்குறைக்கு, தண்ணீர் வடியும் துளையை எவரோ பட்டி வைத்து அடைத்திருப்பார். அதனால்தான் விமானத்தில் ஒன்றன்மேலொன்று படியும் முகங்களுக்கு ரிவெட் அடிக்குமுன்பே எபொக்சி பிரைமர் ஒரு மெல்லிய பூச்சுப் போட வேண்டும். சுத்த அலுமினியத் தோல் போர்த்திய தகடு என்றால் வேண்டாம் என்பார்கள். கடலில்லாத ஊரில் அது சரிவரலாம். ஆனால் துளை போட்ட விளிம்பில் அந்தத் தோல் ஏது?

பாரம் பற்றிப் பொடியன்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் தாங்கிக்கு 1981இல் வெள்ளை அடித்தார்கள். மூன்றாவது பயணத்தில் பெயின்டைக் கைவிட்டு ஏறத்தாழ 270 கிலோ மிச்சம் பிடித்தார்கள். ஆனால் அந்தத் தாங்கி ஒருதரம் போய் விழுகிற சாமான். உங்கள் விமானமும் அப்படியா?

தடிப்பாக அடித்தால் பலம் கூடுமாம். கூடாது. உள்ளே கறுப்படித்தால் அழுக்குத் தெரியாதாம். வெடிப்பும் எண்ணெய்க் கசிவும் தெரியாது! விமானியின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகைக்கு மட்டும் மங்கல் கறுப்பு, வெளிச்சம் திருப்பி அடிக்காமலிருக்க.

பழைய மஞ்சள் பச்சைக் குரோமேட் பிரைமர்தான் அசல் என்று தேடி அலைவோரே, அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும். ஹார்ட்னர் கலக்கும் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். நம்மூர்க் கராஜ்களில் இன்றும் பதினெட்டு வயதுப் பொடியன் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடிக்கிறான். லேஞ்சியும் கொரோனா மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். அந்தச் செலவை நான் பில்லில் தனியாகப் போடுகிறேன். வாடிக்கையாளர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.