நகரும் பொழிலும்: இடைநிலம் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

நகரைப் பாடிய தமிழ்ப் புலவர் பொழிலையும் உடன் பாடினர். பொழிலற்ற நகர் அவர்தம் கற்பனையிலும் இல்லை. ஆயின் நகருக்கு அருகே பொழில் இருந்தால் மட்டும் போதுமா? மக்கள் அங்கு நடந்து செல்ல வழி வேண்டாவா? இவ்வினாவை இலக்கியச் சான்று ஒன்றும் இக்காலச் சான்று ஒன்றும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகாரின் இடைநிலம்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பூம்புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருபகுதிகளாகக் காட்டுகிறது. இரண்டிற்கும் நடுவே அடர்ந்த சோலை ஒன்று இருந்தது. அதன் மரங்களே தூண்களாக அமைய, அங்கே நாளங்காடி நடைபெற்றது. இளங்கோவடிகள் அவ்விடத்திற்கு இருபெரு வேந்தரின் போர்முனையை உவமையாக்குகிறார். போர்முனை பிரிக்கும் நிலம். அங்காடியோ கூட்டும் நிலம். ஒரே இடைநிலம் இரண்டுமாகக் கூடும் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

செயின்ட் லூயிசின் இடைநிலம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஏறத்தாழ 91 ஏக்கர் பரப்புள்ள பூங்கா ஒன்று உள்ளது. ஈரோ சாரினென் வடிவமைத்த 630 அடி உயர வளைவு 1965இல் அங்கே எழுந்து நின்றது. அதற்கு நேர்மேற்கே நகரின் கடைவீதிகளும் பழைய நீதிமன்றமும் உள்ளன. டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட் என்னும் அடிமைத் தம்பதியர் 1846இல் தொடுத்த விடுதலை வழக்கு விசாரிக்கப்பட்ட மன்றம் அது.

மன்றத்திற்கும் பூங்காவிற்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. எனினும் நடுவே பள்ளத்தில் நெடுஞ்சாலை ஓடியது. அதன் இருமருங்கிலும் ஊர்திகள் விரையும் சாலைகள் இருந்தன. கண்ணுக்கு எட்டிய பூங்கா காலுக்கு எட்டவில்லை.

இக்குறையை நீக்க 2010இல் வடிவமைப்புப் போட்டி நடத்தப்பட்டது. 2013இல் வாக்காளர் விற்பனை வரியைச் சிறிது உயர்த்த இசைந்தனர், நன்கொடைகளும் குவிந்தன. ஏறத்தாழ 38 கோடி டாலர் செலவில் பணிகள் நடைபெற்றன. பள்ளச்சாலையின் ஒரு பகுதிக்கு மேல் தளம் அமைத்துப் புல்வெளியாக்கினர். வடபுறத்து ஊர்தி நிறுத்தகத்தை அகற்றித் தோட்டமாக்கினர். சக்கர நாற்காலியிலும் செல்லத்தக்க சரிவான பாதைகளை அமைத்தனர். அருங்காட்சியகத்தின் புதிய வாயிலை நகரை நோக்கித் திறந்தனர். 2018 ஜூலையில் அது திறக்கப்பட்டது. இன்று மன்றத்தின் எதிரேயுள்ள சதுக்கத்திலிருந்து வளைவின் அடிவரை, ஊர்தி எதனையும் எதிர்கொள்ளாமல் நடக்கலாம்.

ஆயினும் பணி நிறைவுற்றது எனல் ஆகாது. தளம் மூடியது ஒரு பகுதியையே. அதற்கு வடக்கிலும் தெற்கிலும் நெடுஞ்சாலை இன்றும் நகரைப் பிரித்தே நிற்கிறது. அதனை முற்றிலும் அகற்றிச் சாதாரணத் தெருவாக்க வேண்டும் என்ற கருத்தும் அந்நகரில் எழுந்ததுண்டு.

பெறப்படும் கருத்துகள்

அருகில் இருத்தல் வேறு. அடையத்தக்கதாய் இருத்தல் வேறு. நடப்போரைத் தடுப்பது பெரும்பாலும் தொலைவன்று. கடக்க இயலாத ஒரு சாலையே. அத்தடையை ஊர்தி உடையவர் உணரார். முதியவரும் சிறுவரும் மாற்றுத்திறனாளரும் ஊர்தி வாங்க வசதியற்ற ஏழையருமே உணர்வர். பொதுப் பூங்கா இவர்களுக்கே முதலில் உரியது. இவர்கள் செல்ல இயலாத பூங்கா, பெயரளவிலேயே பொதுவானது.

முடிவுரை

பாதையில் கிடந்து துன்பம் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முள்ளும் கல்லும் மட்டுமல்ல, வழியை அடைக்கும் எதுவும் அத்துன்பமே எனக் கொள்ளுதல் பொருந்தும். மாணவச் செல்வங்களே! நும் ஊர்க் கடைவீதியிலிருந்து அருகிலுள்ள பூங்காவிற்கு ஒருநாள் முதியவர் ஒருவருடன் நடந்து செல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு, நகராட்சியின் கவனத்திற்குக் கொண்டு செல்லுங்கள். போர்முனையை அங்காடியாக்கும் பணி அங்கிருந்தே தொடங்கும்.