பயணப் பொறுப்பும் மதுவும்



நமது அறக்கட்டளையில் கல்வி உதவி பெறும் மாணவி ஒருத்தியின் தாயார் சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கல்லூரி அனுப்பிய சம்மதப் படிவம். மகள் கைப்பந்து அணியில் தேர்வாகியிருக்கிறாள். வெளியூரில் நான்கு நாள் போட்டி. கணவருக்கு விசைத்தறியில் இரவு ஷிப்ட். இவரே முடிவெடுக்க வேண்டும்.

"போன தடவை கூடப் போன கோச் ராத்திரி குடிச்சிருந்தாருன்னு பிள்ளை சொல்லுதுண்ணே. அனுப்பவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. நம் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரி அணிகளில் விளையாடுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் வழி

மது நமக்கு ஹராம் என்பது யாவரும் அறிந்ததே. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதற்கான காரணத்தையும் சொல்கின்றன. மதுவைக் கொண்டு ஷைத்தான் மனிதரிடையே பகையை மூட்டுகிறான். இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கிறான்.

ஆனால் பயிற்சியாளர் மாற்று மதச் சகோதரராக இருக்கலாம். நமது மார்க்கச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஹராம் என்று சொல்லி அவரிடம் வாதாட முடியாது. அவரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். பிறர் பெற்ற பிள்ளையை விடப் பெரிய அமானிதம் எது?

பயணத்துக்கென்றே நபி (ஸல்) அவர்கள் ஒரு வழிமுறையைத் தந்துள்ளார்கள். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்று அபூதாவூத் நூலில் வருகிறது. அதே நூலின் மற்றொரு அறிவிப்பில், பயணத்தின்போது நபியவர்கள் கூட்டத்தின் பின்னால் வருவார்கள் என்றும், தளர்ந்தவரின் வாகனத்தை முன்னே செலுத்துவார்கள், நடப்பவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள், அவர்களுக்காக துஆ செய்வார்கள் என்றும் உள்ளது. கடைசி ஆள் வந்து சேரும்வரை விழித்திருப்பவரே பயணத் தலைவர்.

"அது அவருடைய சொந்த நேரம்தானே?"

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. ஆட்டம் முடிந்தது, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், வயது வந்த மனிதர் தன் அறையில் ஒரு கிளாஸ் குடித்தால் யாருக்கு என்ன நட்டம் என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். பதிலும் வேண்டும்.

இரவு ஒரு மணிக்கு ஒரு மாணவிக்கு வயிற்றுவலி வருகிறது. எந்த மருத்துவமனை, யார் கூடப் போவது, பெற்றோருக்கு என்ன சொல்வது என்று அந்நேரம் தெளிந்த தலையோடு முடிவெடுக்க வேண்டியவர் அவரே. வீட்டில் இருக்கும்போது அவர் நேரம் அவருக்குச் சொந்தம். புறப்பட்டது முதல் திரும்பி வரும்வரை அப்படி ஒரு சொந்த நேரம் அவருக்குக் கிடையாது.

அடுத்தது, அணியில் யார் ஆடுவது என்பது அவர் கையில் இருக்கிறது. அவர் போதையில் நடந்துகொள்வதைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த போட்டியில் இடம் போய்விடுமோ என்று பிள்ளைகள் அஞ்சுவார்கள். அவர் "நீயும் கொஞ்சம் எடுத்துக்கோ" என்றால் மறுப்பது இன்னும் கடினம்.

சட்டமும் நடப்பும்

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவுப்படி, ரயிலில் போதையில் இருப்பவரை இறக்கிவிடலாம். ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.

பாலியல் தொல்லையைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளையும் அறிந்துகொள்ளுங்கள். அவை மதுவைப் பற்றியவை அல்ல. ஆயினும் விளையாட்டுப் போட்டிக்காகப் போகும் இடமும் கல்லூரி வளாகமாகவே கருதப்படும் என்று அவை சொல்கின்றன. வளாகத்தில் உள்ள பொறுப்பு வெளியூர் விடுதியிலும் தொடர்கிறது.

2024 பிப்ரவரியில் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கம் தன் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரை இடைநீக்கம் செய்தது. அணிப் பேருந்தில் மது அருந்தினார் என்ற குற்றச்சாட்டும், அது தொடர்பான காணொளியும் வெளிவந்ததே காரணம். அவர் பெயர் நமக்குத் தேவையில்லை. குற்றச்சாட்டு மெய்யா என்பது விசாரிப்பவர்களின் வேலை. இந்தக் கேள்வி நம் ஊர்த் தாய்மாருக்கு மட்டும் உரியதல்ல என்பதே நாம் பெறும் பாடம்.

நல்ல முன்மாதிரியும் உண்டு. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய அணி ஹோபார்ட்டில் ஆஷஸ் தொடரை முடித்து மேடையேறியது. ஷாம்பெயினைப் பீய்ச்சத் தொடங்கியதும் உஸ்மான் கவாஜா விலகி நின்றார். அணித்தலைவர் பேட் கம்மின்ஸ் அதைக் கவனித்து, பாட்டில்களை ஒதுக்கச் சொல்லி, கவாஜாவை மேடைக்கு அழைத்தார். கம்மின்ஸ் முஸ்லிம் அல்லர். தன் அணியில் ஒருவரும் விலகி நிற்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவே.

நாம் செய்ய வேண்டியது

படிவத்தில் கையெழுத்திடும் முன் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரிடம் மரியாதையோடு கேளுங்கள்:

1. உடன் செல்வோர் யார் யார்? அவர்களுடைய கைபேசி எண்கள் என்ன?
2. மாணவியர் அணியுடன் பெண் ஆசிரியர் ஒருவர் செல்கிறாரா?
3. புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை உடன் செல்வோர் மது அருந்தக் கூடாது என்ற விதி எழுத்தில் உள்ளதா?
4. தவறு நடந்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் அணியில் அவள் இடம் பாதிக்கப்படாது என்பதற்கு உறுதி என்ன?

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போட்டிக்கு வேனில் தம்பிமாரை அழைத்துப் போகும் நம் அண்ணன்மார் எல்லோரும் தெளிந்த நிலையில்தான் திரும்புகிறார்களா? கோச்சிடம் கேட்கும் கேள்வியை முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "பிள்ளையை நிறுத்தாதீங்கம்மா. தப்பு செஞ்சது பெரியவர், தண்டனை பிள்ளைக்கா? போய்க் கேளுங்க." அவர் தனியாகப் போகவில்லை. அதே அணியில் உள்ள இரண்டு மாணவியரின் தாய்மாரையும் அழைத்துச் சென்றார்; இருவரும் இந்துச் சகோதரிகள். அவர்களுக்கும் அதே கவலை இருந்திருக்கிறது, கேட்கத்தான் தயங்கியிருக்கிறார்கள். இம்முறை ஒரு பேராசிரியையும் உடன் சென்றார். மது கூடாது என்பது படிவத்திலேயே எழுதப்பட்டது. பிள்ளை நல்லபடியாகப் போய் வந்தாள், அல்ஹம்து லில்லாஹ்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.