இழுவை குறைந்த லொறி: இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்குக் காணியை விட்டால் அடுத்த முதல் வாகனமே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, பலரின் உடைமைகளைக் காப்பாற்றியவை லொறிகளும் உழவு இயந்திரங்களும் துவிச்சக்கர வண்டிகளுமே. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும், திரும்ப முடியாமல் குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவர்களும் பழைய லொறி ஒன்றைக் கூட்டாக வைத்து வெங்காயம், கரட், பீற்றூட் என்பவற்றைச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

அந்த லொறி ஒரு நாள் பாரத்தோடு இழுக்க மறுக்கிறது. "இயந்திரத்தை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்று யாரோ சொல்கிறார்கள். உடனே நகை ஈட்டுக்குப் போகிறது. இறக்கிப் பார்த்த பின், அடைபட்ட ஒரு பில்ற்றர்தான் காரணம் என்று தெரிந்தால் அந்தப் பணம் திரும்பி வராது. ஆகவே இப்பாடத்தில் ஒரே ஒரு ஒழுங்கைக் கற்போம்: செலவில்லாத சோதனை முதலில், செலவு கூடியது கடைசியில். இது பழைய டீசல் லொறிக்கு மட்டுமன்றி, டீசலில் ஓடும் உழவு இயந்திரத்துக்கும் பொருந்தும்.

1. முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓட்டுநரிடம் நான்கு கேள்விகள் கேட்போம். இழுவை திடீரெனக் குறைந்ததா, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்ததா? குளிரில் இழுக்காதா, சூடேறிய பின் இழுக்காதா? குறைவதற்கு முன் டீசல் அடித்த இடம் மாறியதா? அண்மையில் எதையாவது கழற்றிப் பூட்டினீர்களா?

திடீரென வந்த குறை பெரும்பாலும் எரிபொருள் வரும் வழியில் இருக்கும். மெல்ல மெல்ல வந்த குறை அடைப்பாகவோ தேய்மானமாகவோ இருக்கும். எமது குடாநாட்டில் மலையில்லை. எனவே தேய்மானம் நெடுங்காலம் மறைந்திருந்து, தம்புள்ளைச் சந்தைக்குப் பாரம் ஏற்றிச் செல்லும்போதே முதன்முறையாக வெளிப்படலாம். "நேற்று வரை நன்றாக ஓடியது" என்ற சொல்லை இதை மனதில் வைத்தே கேட்க வேண்டும்.

2. இயந்திரத்தின் குறையா, வேறு தடையா?

சமதரையில் வண்டியை நியூற்றலில் விட்டு இருவர் தள்ளிப் பார்க்கட்டும். அசைய மறுத்தால் ரயர் காற்றையும் பிறேக்கையும் பாருங்கள். சிறிது தூரம் ஓடியபின் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், பிறேக் பிடித்தபடி இருக்கும் சில்லு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். தொட்டுவிட வேண்டாம், சுட்டுவிடும்.

இயந்திரத்தின் சத்தம் கூடுகிறது, வண்டியின் வேகம் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. இயந்திரத்தில் குறையில்லை.

அடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் அக்சிலேற்றரை முழுவதும் மிதிக்க, மற்றவர் டீசல் பம்பில் உள்ள நெம்பைப் பார்க்கட்டும். நெம்பு கடைசி வரை போகாவிட்டால், தேய்ந்த கம்பியோ தளர்ந்த இணைப்போதான் காரணம். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு சாவியே போதும்.

3. காற்று

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றை மிகவும் இறுக்கமாக நெருக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. எனவே காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும். கறுப்புப் புகையும் வரும்.

வலிகாமத்துச் செம்மண் தூசி மிக நுண்ணியது. உழவு நாட்களிலும் கோடையிலும் எயார் பில்ற்றர் விரைவில் அடைபடும். பழைய வண்டிகள் பலவற்றில் ஒயில் நிரப்பிய கிண்ண வகைப் பில்ற்றர் உண்டு. கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேர்ந்த சேற்றை அகற்றி, மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, குறித்த கோடு வரை புதிய ஒயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இயந்திரம் அந்த ஒயிலை இழுத்துவிடும். கடதாசிப் பில்ற்றராயின் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். பில்ற்றரைக் கழற்றிவிட்டு ஓடுவது கூடவே கூடாது. உள்ளே போகும் மண் பிஸ்ரன் றிங்குகளை அரைத்துவிடும்.

காற்று வெளியேறும் வழியையும் பாருங்கள். நெடுநாள் நின்ற வண்டியின் சைலன்சர் உட்புறம் துருப்பிடித்து உடைந்து அடைத்திருக்கலாம்.

4. எரிபொருள்

கூடுதலான குறைகள் இங்கேதான் அகப்படும்.

முதலில் தாங்கி மூடியைத் தளர்த்தி ஓடிப் பாருங்கள். இழுவை திரும்பினால் மூடியில் உள்ள மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியோடு வேலை முடிந்தது.

அடுத்து, தாங்கியின் அடியிலிருந்து சிறிது டீசலைத் தெளிந்த போத்தலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாக நிற்கும். துருவும் அழுக்கும் படியும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பரல்களிலும் கான்களிலும் டீசலைச் சேமித்தனர். அவ்வாறு வைக்கும் டீசலில் ஈரம் சேர்வது இயல்பு. பரலின் அடியில் உள்ள கடைசி நான்கு விரல் அளவை வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

பின்னர் டீசல் பில்ற்றரை மாற்றி, எயார் எடுங்கள். பில்ற்றரின் மேலுள்ள சிறு ஆணியைத் தளர்த்தி, கையால் அடிக்கும் பம்பை அடித்துக்கொண்டிருந்தால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் ஆணியை இறுக்குங்கள். அடுத்ததாக டீசல் பம்பில் உள்ள ஆணியிலும் இவ்வாறே செய்யுங்கள். மீண்டும் மீண்டும் காற்றுப் புகுந்தால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஒரு குழாயோ வாசரோ காற்றை இழுக்கிறது.

எச்சரிக்கை: பம்பிலிருந்து நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் உள்ள அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடலுக்குள் செலுத்த வல்லது. கசிவைக் கையால் தேடாதீர்கள். அவ்வாறு காயம் பட்டால், அது சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நொசில் சோதனையைப் பழகிய திருத்துநரிடம் விடுங்கள்.

5. புகையும் வெப்பமும் சொல்வது

கறுப்புப் புகை: காற்றுக் குறைவு, அல்லது டீசல் அதிகம், அல்லது நொசில் சரியாகத் தூவவில்லை.

வெள்ளைப் புகை: டீசல் எரியாமல் வெளியேறுகிறது. காலைக் குளிரில் சிறிது நேரம் வருவது வழமை. சூடான பின்னும் வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகியுங்கள்.

நீலப் புகை: இயந்திர ஒயில் எரிகிறது. றிங் அல்லது வால்வு வழி தேய்ந்திருக்கலாம்.

புகையில்லாமல் இழுவை மட்டும் குறைவு: டீசல் போதாமல் வருகிறது. நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள்.

இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானாலும் வலுக் குறையும். எமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல் வழியே வருவதால் றேடியேற்றருக்குள் வெள்ளைப் படிவைக் கட்டிவிடும். மாரியில் சேர்த்த மழைநீரை வடித்து இதற்கென வைத்துக்கொள்வது நல்லது.

6. மண்ணெண்ணெய் தந்த பாடம்

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைபட்டன. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அது எமது மக்களின் திறமை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி இயந்திர ஒயிலையும் நீர்க்கச் செய்தது. அவசரத்துக்கு ஓடிய வண்டி தேய்மானத்தால் அதற்கு விலை கொடுத்தது.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் இதைப் போன்றதே. டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே ஒயில். மண்ணெண்ணெய் மெல்லியது; வழுவழுப்புக் குறைந்தது. பம்ப் தேய்ந்ததும், குளிரில் ஓடும் வண்டி சூடானபின் இழுக்காது; நிறுத்தினால் மீண்டும் பற்றுவதும் கடினம். இந்த அடையாளம் கண்டால் பம்பைச் சோதிப்பிக்க வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது கலப்பதில் முன்போல் இலாபமும் இல்லாமற்போனது.

7. எப்போது திறப்பது?

மேற்கூறிய யாவும் சரியாக இருந்தும் இழுவை இல்லையெனில், முதலில் தப்பெற் இடைவெளியைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு வைப்பியுங்கள். பின் நொசில், அதன்பின் டீசல் பம்பின் நேரம். இறுதியாகச் சிலிண்டர் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் இயந்திரம் புகையோடு பலமாக ஊதினால் றிங் தேய்வுக்கு அது சான்று. அளந்த கணக்கைக் கையில் பார்த்த பின்னரே இயந்திரத்தைத் திறக்கச் சம்மதியுங்கள். "எந்தச் சிலிண்டர்? எவ்வளவு குறைவு?" என்று கேட்பது திருத்துநரை அவமதிப்பதாகாது. நல்ல திருத்துநர் மகிழ்ந்து விளக்குவார்.

லொறியில் ஒரு கொப்பி இருக்கட்டும். டீசல் அடித்த இடம், பில்ற்றர் மாற்றிய திகதி, ஒயில் அளவு என்பவற்றை எழுதுங்கள். ஒயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டு போனால் டீசல் அதற்குள் கசிகிறது. அப்போது வண்டியை ஓட்ட வேண்டாம்.

குழுக்களில் கலந்துரையாட

1. எமது கூட்டு வாகனத்தில் கடைசியாக எயார் பில்ற்றரும் டீசல் பில்ற்றரும் எப்போது மாற்றப்பட்டன? அதை யார் அறிவார்?

2. திருத்தச் செலவுக்காக ஒவ்வொரு சுமையிலிருந்தும் சிறு தொகை ஒதுக்கினால், நகையை ஈடு வைக்கும் நிலை வராமல் தடுக்கலாமா?

3. கிராமத்து இளைஞர், யுவதிகள் சிலர் இந்தச் சோதனைகளைப் பழகிக்கொள்ள எந்தத் திருத்துநரை அழைக்கலாம்?